விலக்குக்கு முந்தின வாரம்

"ஏன் மக்களே இப்படி எரிஞ்சு விழுற?" நாஞ்சில் நாட்டு அம்மாக்கள் பலர் மாதாமாதம் கேட்கும் கேள்வி இது. மகளிடம் பதில் இருப்பதில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது, மார்பு கனக்கிறது, வயிறு உப்புகிறது, பாடத்தில் மனம் நிற்பதில்லை. விலக்கான சில நாட்களில் எல்லாம் வடிந்துவிடுகிறது. வீட்டில் இதற்குத் திமிர் என்று பெயர். மருத்துவத்தில் இது மாதவிலக்குக்கு முந்தைய நோய்க்குறித் தொகுப்பு. 1953-லேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் காத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் இதை எழுதிவிட்டார்கள்.

இந்தப் பெண்களுக்கு ஹார்மோன் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கருமுட்டை வெளியான பின் அது ஏறி இறங்குவதை மூளை தாங்கும் விதத்தில்தான் வேறுபாடு. செரட்டோனினுக்கும் அதில் பங்குண்டு. ஆகவே ரத்தப் பரிசோதனையில் இது பிடிபடாது. நோட்டில்தான் பிடிபடும். தூக்கம், மனநிலை, உடம்பு வலி, விலக்கான தேதி ஆகியவற்றை மகளே இரண்டு மாதம் அன்றன்று குறிக்கட்டும். தொந்தரவு மாதம் முழுக்க இருந்தால் அது வேறு: மனச்சோர்வாகவோ தைராய்டாகவோ ரத்தசோகையாகவோ இருக்கலாம்.

லேசான தொந்தரவுக்கு நல்ல தூக்கமும் தினசரி நடையும் விளையாட்டும் உதவும். வயதுக்கு வந்ததும் பெண்ணை மைதானத்திலிருந்து நிறுத்துவது பெரிய தவறு. 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தினம் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து எடுத்த பெண்களுக்கு மூன்றாம் மாதத்தில் தொந்தரவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அவர்கள் வளர்ந்த பெண்கள் என்றாலும், முள்ளோடு தின்னும் நெத்திலியும் கேழ்வரகும் பாலும் வளரும் பெண்ணுக்கு எப்படியும் வேண்டியவைதானே. வைட்டமின் பி6 மாத்திரையை மட்டும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி இஷ்டத்துக்கு விழுங்க வேண்டாம். அளவு மீறினால் நரம்பு பாதிக்கும்.

படிப்பும் உறவும் குலைகிற அளவுக்குப் போனால் மருத்துவர் வேண்டும். மனநல ஆலோசனை, செரட்டோனினைச் சீராக்கும் மருந்து, சிலருக்கு ஹார்மோன் மாத்திரை என வழிகள் உண்டு. பதின்வயதில் அந்த மனநல மருந்தைத் தொடங்கினால், முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீடும் மருத்துவரும் கவனிக்க வேண்டும்.

பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தும் நல்லெண்ணெயும் ஊட்டி வளர்த்த ஊர் இது. அந்த அக்கறை சடங்கோடு நின்றுபோவதுதான் என் வருத்தம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். மகளையே பேச விடுங்கள். 'செத்துப் போகலாம்போல இருக்கு' என்று அவள் சொன்னால் அடுத்த விலக்குவரை பொறுக்காதீர்கள். அன்றைக்கே கூட்டிப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.