கணக்கு யாருக்கு விளங்க வேண்டும்?

மாதக் கூட்டத்தில் பொருளாளர் அறிக்கையை வாசித்து முடிக்கிறார். "விளங்கியதா?" என்று தலைவர் கேட்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறோம். வெளியே வந்ததும், "கையில எவ்வளவு காசு இருக்காம்?" என்று ஒருவரையொருவர் கேட்கிறோம். மாத்தளையில் எமக்குப் பழகிப்போன காட்சி இது.

குறை எமது அறிவில் இல்லை. அந்தப் படிவம் உதவி வழங்கியவரின் அலுவலகத்துக்காகச் செய்யப்பட்டது, சேமித்தவருக்காக அல்ல. மிளகு பறித்தும் கூலிக்குப் போயும் சேர்த்த காசு எம்முடையது. இடம்பெயர்ந்த நாம் நாளை காணி கிடைத்து வேறிடம் போகலாம். அன்று எமக்கு வரவேண்டியது எவ்வளவு என்று நாமே சொல்லத் தெரிய வேண்டும்.

சங்கக் கணக்கு எமக்குப் புதிதல்ல. அயலிலுள்ள தும்பறையில் 1906ஆம் ஆண்டிலேயே கடனுதவிச் சங்கம் தோன்றிவிட்டது. ஆனால் கணக்கெழுதுவது வேறு, விளங்கவைப்பது வேறு.

ஆபிரிக்காவின் நைஜர் நாட்டில் 1991இல் கெயர் நிறுவனத்தின் துணையோடு கிராமப் பெண்கள் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கினார்கள். பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆகவே கூட்டம் முடியுமுன் பெட்டிக் காசை எல்லார் முன்னும் எண்ணி, தொகையை மனத்தில் பதித்துக்கொள்வார்கள். அடுத்த கூட்டம் அத்தொகையைச் சொல்லியே தொடங்கும். இம்முறை பல நாடுகளுக்குப் பரவியபோது, வாங்கிய ஒவ்வொரு பங்குக்கும் உறுப்பினரின் புத்தகத்தில் ஒரு முத்திரை குத்தும் வழக்கம் வந்தது. எண் தெரியாதவரும் முத்திரைகளை எண்ணலாம். பெட்டிக்கு மூன்று பூட்டுகள், சாவிகள் மூவரிடம்.

நாமும் ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் நான்கு வரிகள் எழுதித் தொங்கவிடலாம். உதாரணமாக:

சென்ற மாத இருப்பு: ரூபா 4,200
இம்மாத வரவு (சேமிப்பு 1,500, கடன் மீள்செலுத்தல் 2,300): ரூபா 3,800
இம்மாதச் செலவு (கொடுத்த கடன் 5,000, கொப்பி 150): ரூபா 5,150
கையிருப்பு: ரூபா 2,850

முதலிரண்டையும் கூட்டி, மூன்றாவதைக் கழித்தால் நான்காவது வரவேண்டும். பெட்டிக் காசை எண்ணினாலும் அதுவே வரவேண்டும். வராவிட்டால் கூட்டத்தைக் கலைக்காமல் அன்றே காரணம் தேடுவோம். அவரவர் சேமிப்பையும் கடனையும் அவரவர் கொப்பியில் அங்கேயே பதிந்து ஒப்பமிடுவோம்.

அலுவலகப் படிவத்தையும் அனுப்பத்தான் வேண்டும். அதை இந்த மட்டையைப் பார்த்தே நிரப்பட்டும். இரண்டிலும் கையிருப்பு ஒன்றாயிருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் "விளங்கியதா?" என்று கேட்டால், தலையாட்டாமல் தொகையைச் சொல்வோம்.