அழித்த பிறகும் இளைக்காத கோப்பு

உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டின் நடுவே ஒரு மாணவன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நெய்வேலிக்கோ விருத்தாசலத்துக்கோ போய்விடுகிறான். ஆசிரியர் என்ன செய்கிறார்? அவன் பெயர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போடுகிறார். அவ்வளவுதான். கீழே உள்ள முப்பது பெயர்களையும் அழித்து, ஒவ்வொரு வரி மேலே ஏற்றி எழுதுவதில்லை. புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தால் அவன் பெயர் கடைசியில் இடம்பெறுகிறது. வகுப்பில் தலைகள் முன்பிருந்த அளவேதான். பதிவேட்டில் வரிகள் மட்டும் கூடிவிட்டன.

கணிப்பொறியில் தகவல்களைத் தொகுத்து வைக்கும் தரவுத்தளமும் பெரும்பாலும் இவ்வாறே நடந்துகொள்கிறது. இதை நான் முன்பே படித்திருந்தேன். ஆனாலும் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் மனத்தில் பதிந்தது.

நான் கடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் போய்வந்த கல்லூரி ஒன்றில், மாணவர்களின் பெயர், முகவரி, செய்முறை மதிப்பெண், புகைப்படம் எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் கோப்பு ஒன்றில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்தோம். மறுநாள் காலை அகமதிப்பீட்டு மதிப்பெண்களை அனுப்பியாக வேண்டும். முந்தின மாலை ஒரு மதிப்பெண்ணைப் பதிய முயன்றேன். "இன்வாலிட் ஆர்குமென்ட்" என்று ஒரு செய்தி வந்தது. தட்டியதில் பிழை என்று நினைத்து மூன்று முறை தட்டினேன். அதே செய்தி. கோப்பின் அளவைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. அது 2 கிகாபைட்டைத் தொட்டிருந்தது. அக்சஸ் கோப்பு அதற்குமேல் வளர முடியாது.

அவசரத்தில், படித்து முடித்துப் போன ஐந்நூறு மாணவர்களின் பதிவுகளை அழித்தேன். மீண்டும் அளவைப் பார்த்தேன். ஒரு பைட்கூடக் குறையவில்லை!

அந்த 2 கிகாபைட் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கணிப்பொறி ஓர் எண்ணை 32 பிட்டுகளில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்று காட்டப் போய்விட்டால், மிஞ்சுவது 31. இரண்டை 31 முறை பெருக்கினால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 648 வரும். 2 கிகாபைட் என்பது சரியாக இத்தனை பைட்டுகள்தாம். 32 பிட்டுகளில் இடத்தை எண்ணிப் பழகிய நிரல்கள் பலவும் முட்டி நின்ற சுவர் இது.

இனி, அழித்தும் ஏன் இளைக்கவில்லை என்பதைப் பார்ப்போம். ஒரு லட்சம் பதிவுகள், ஒவ்வொன்றும் 300 பைட் என்று கொள்வோம். பத்தாவது பதிவை அழித்து அந்த இடைவெளியை அடைப்பதானால், பின்னால் உள்ள 99,990 பதிவுகளையும் நகர்த்த வேண்டும். ஏறத்தாழ மூன்று கோடி பைட் இடம் மாறும். இன்ன பதிவு இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை முழுவதையும் திருத்த வேண்டும். ஒரு பெயரை எடுக்க இவ்வளவு பாடா? ஆகவே நிரல் சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறது. இதை நான் சோம்பல் என்று சொல்ல மாட்டேன்; சமயோசிதம் என்பேன்.

முன்னாளில் நம் அலுவலகங்களில் புழங்கிய டிபேஸ் என்னும் நிரலில் இந்தக் கோட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் வெற்றிடமாக இருக்கும். பதிவை அழித்தால் அங்கே ஒரு நட்சத்திரக் குறி விழும். "ரீகால்" என்று கட்டளையிட்டால் குறி நீங்கிப் பதிவு உயிர்த்தெழும். "பேக்" என்று கட்டளையிட்டால்தான் குறி விழுந்தவை உண்மையாகவே வெளியேறும்.

நூலகங்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. யுனெஸ்கோ நிறுவனம் 1985 இல் சிறு கணிப்பொறிகளுக்கென சிடிஎஸ்-ஐசிஸ் என்ற நிரலை வெளியிட்டது. இந்தியாவில் அதை நிசாட் என்ற மத்திய அரசுத் திட்டம் நூலகங்களுக்கு வழங்கியது. அதில் ஒரு நூலின் விவரத்தைத் திருத்தினால், திருத்திய பதிவு பல வேளைகளில் கோப்பின் கடைசியில் போய் உட்காரும். பழைய இடம் வீணாகக் கிடக்கும். கோப்புக்கு 500 மெகாபைட் எல்லை வேறு. நூலகர்கள் அவ்வப்போது கோப்பைப் படியெடுத்து, அந்தப் படியிலிருந்து மறுபடி எழுதிக்கொள்வார்கள். வீணான இடம் அப்போது மீளும்.

வழி அதுவேதான். ஜூன் மாதம் ஆசிரியர் புதிய பதிவேட்டை எடுத்து, இருக்கும் மாணவர்களின் பெயர்களை மட்டும் எழுதுகிறார் அல்லவா? அக்சஸில் இதன் பெயர் "காம்பேக்ட்". உங்கள் வீட்டுக் கைப்பேசிக்குள் ஓசையின்றி உழைக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் இதன் பெயர் "வேக்கும்". உயிருள்ள பதிவுகள் புதிய கோப்பில் நெருக்கமாக எழுதப்படுகின்றன. பிறகு அது பழையதன் இடத்தைப் பிடிக்கிறது. சிறிது நேரம் இரண்டுக்குமே வட்டில் இடம் வேண்டும் என்பதை மறக்கலாகாது. வட்டு நிரம்பி வழியும்போது சுருக்க நினைத்தால் நடக்காது.

அன்று மாலை நானும் சுருக்கினேன். மதிப்பெண்கள் நேரத்தில் போய்ச் சேர்ந்தன. ஆனால் கோப்பு நான் எதிர்பார்த்த அளவு மெலியவில்லை. காரணம் புகைப்படங்கள்!

ஒரு கணக்குப் போடுங்கள். படத்தில் அகலவாக்கில் 800 புள்ளிகள், உயரவாக்கில் 600. சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொரு பைட்டாகப் புள்ளிக்கு மூன்று பைட். பெருக்கினால் 14 லட்சத்து 40 ஆயிரம் பைட். கேமராவிலிருந்து வரும் படம் சுருக்கப்பட்டு ஐம்பது, அறுபது கிலோபைட்டில் அடங்கியிருக்கும். ஆனால் 2007க்கு முந்தைய அக்சஸ் பதிப்புகள், கோப்புக்குள் ஒட்டிய படத்தைப் பெரும்பாலும் இப்படிப் புள்ளி புள்ளியாக விரித்து வைத்துவிடும். இந்தக் கணக்கில் 2 கிகாபைட்டில் 1,491 படங்கள்தாம் அடங்கும். எழுத்து மட்டும் என்றால், 300 பைட் வீதம் சுமார் 71 லட்சம் பேர் அடங்குவார்கள்! கடைசியில் படங்களைத் தனி உறையில் வைத்து, தரவுத்தளத்தில் படத்தின் பெயரை மட்டும் எழுதினோம். பழைய ஆண்டுகளைத் தனிக் கோப்பாகப் பிரித்தோம். அதன்பின் எல்லையைப் பற்றிய கவலையே எழவில்லை.

என் கோப்பு புரியாத மொழியிலாவது குரல் கொடுத்தது. குரல் கொடுக்காத எல்லைகளும் உண்டு. 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பு வழியாகத் திரட்டிக்கொண்டிருந்தது. அதில் 65,536 வரிகளுக்குமேல் இடமில்லை. இரண்டை 16 முறை பெருக்கி வரும் எண் அது. மிஞ்சிய வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அந்த அளவுக்குத் தாமதப்பட்டது.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்நூறு பதிவுகளை அழிக்குமுன் கோப்புக்கு ஒரு படி எடுத்து வைக்கவில்லை. மறு ஆண்டு, அவர்களில் ஒருவர் வேலைக்காகச் செய்முறை மதிப்பெண் விவரம் கேட்டு வந்து நின்றார். கோப்பைச் சுருக்கியபோதே சிவப்புக் கோடு போட்டவர்கள் அனைவரும் போய்விட்டனர், மீட்க வழியில்லை. அலமாரியின் அடித்தட்டில் பழைய காகிதப் பதிவேடு கிடைத்தது, தப்பினேன். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த ஊரில் காகிதத்தையும் முழுக்க நம்ப முடியாது. இப்போது சுருக்குவதற்கு முன் ஒரு படி எடுத்து, அதை வேறோர் ஊரில் வைக்கிறேன்.

பள்ளிக் கணிப்பொறியில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எஸ்கியூலைட் இலவசமாகக் கிடைக்கிறது. ஆசிரியர் உதவியுடன் பத்தாயிரம் வரிகள் உள்ள ஒரு பயிற்சிக் கோப்பை உண்டாக்கி, அதன் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வரிகளையும் அழித்துவிட்டு மறுபடி குறியுங்கள். பிறகு "வேக்கும்" கட்டளை கொடுத்து மூன்றாம் முறை குறியுங்கள். முதல் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருப்பதைக் காண்பீர்கள்.