வென்டிலேட்டர் வேண்டாம் என்பது பாவமா?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குத்தந்தையிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. கடைசி மூச்சுவரை எல்லாக் கருவியையும் மாட்டிவைப்பதுதான் விசுவாசம் என்கிறார்கள் சிலர். மருந்தைத் தொடாமல் ஜெபிப்பதுதான் விசுவாசம் என்கிறார்கள் வேறு சிலர். கத்தோலிக்கத் திருச்சபை இரண்டையும் ஏற்பதில்லை.

அதன் பதில் வென்டிலேட்டரைவிட மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்காவில் இறையியல் கற்பித்த பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, உயிரைக் காக்கும் கடமைக்கும் எல்லை உண்டு என்றார். கோழியும் கவுதாரியும் தின்றால் ஆயுள் நீளும் என்று வைத்தியரே சொன்னாலும், வழக்கமான சாப்பாட்டோடு இருப்பவர் பாவியல்ல என்பது அவர் காட்டிய உதாரணம். அப்பாவின் சிகிச்சைக்கு வீட்டை விற்காமல் போனோமே என்று வருந்தும் பிள்ளைகளுக்கு இது தெரியவேண்டும்.

பின்வந்தவர்கள் இதைச் 'சாதாரண வழி', 'அசாதாரண வழி' என்று பிரித்தார்கள். மயக்க மருந்து இல்லாத அந்நாளில் காலை வெட்டி எடுப்பது அசாதாரணம். அதற்கு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 1846இல் ஈதர் மயக்க மருந்தாக வந்தபின் நிலைமை மாறியது. ஆக, அளவுகோல் கருவி அல்ல. இந்த நோயாளிக்கு அதனால் எவ்வளவு நன்மை, எவ்வளவு பாரம் என்பதே. நிமோனியாவிலிருந்து மீளக்கூடியவருக்குச் சில நாள் வென்டிலேட்டர் சாதாரண வழி. புற்றுநோய் முற்றி இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு அதுவே வெறும் சுமையாகலாம். ஜெபத்தை நம்பி இன்சுலினை நிறுத்துவதற்கு இதில் இடமே இல்லை.

1957 நவம்பரில், ஒரு மயக்கவியல் மருத்துவர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதிலளித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், செயற்கைச் சுவாசத்துக்கும் இதே அளவுகோலைப் பொருத்தினார். நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ கடும் பாரமாகும் சிகிச்சை கடமையல்ல என்றார். கொல்வதற்காக ஊசி போடுவது வேறு. அதைத் திருச்சபை ஒருபோதும் அனுமதிக்கவில்லை. வலிநிவாரணமும் பராமரிப்பும் கடைசிவரை தொடரவேண்டும்.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலே இதற்குச் சாட்சி. 2005 பிப்ரவரியில் ஜெமெல்லி மருத்துவமனையில் தொண்டையில் துளையிடும் அறுவை சிகிச்சைக்கு உடன்பட்டவர், மார்ச் இறுதியில் நோய்த்தொற்று ரத்தத்தில் பரவியபோது மருத்துவமனைக்குத் திரும்பவில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி வத்திக்கானில், தம் அறையிலேயே இறந்தார்.

சட்டமும் இதற்கு வழி விடுகிறது. மீள முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் மருத்துவ உயிலை இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும். நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவையுங்கள். பிள்ளைகளிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.