சாவா நதிக்கரை நிலங்களும் கண்ணிவெடி அகற்றும் கூட்டு முயற்சியும்

ஐரோப்பாக் கண்டத்தின் தென்கிழக்குப் பாகத்தில் சாவா என்னும் நதி பாய்கின்றது. ஸ்லோவேனியாவில் உற்பத்தியாகும் இந்நதி, குரோவேஷியாவுக்கும் போஸ்னியாவுக்கும் நெடுந்தூரம் எல்லையாக ஓடி, பெல்கிரேடு நகரருகே டான்யூப் நதியில் கலக்கின்றது. இதன் இருகரையும் வண்டல் படிந்த சமவெளியாகும். கோதுமையும் மக்காச்சோளமும் செழித்து விளையும் பூமி அது. 1991 முதல் 1995 வரை அப்பிரதேசத்தில் நடந்த யுத்தத்திற்குப் பின் அந்நிலங்களில் பெரும்பகுதி பல வருஷங்கள் ஏர் காணாமல் கிடந்தது. உழுவதற்கு ஆளில்லாமையால் அன்று. மண்ணுக்குள் கண்ணிவெடிகள் புதைந்திருந்தமையால்.

சேனைகள் தத்தம் அணிவகுப்பைக் காக்க வயல் வரப்பிலும், வண்டிப் பாதையிலும், தோப்பின் ஓரத்திலும் இவற்றைப் பதித்துச் சென்றன. சில, பிளாஸ்டிக் கூட்டில் அமைந்த சிறு வெடிகள். மிதித்தவன் காலைப் பறிக்க வல்லவை. அவற்றில் உலோகம் மிகச் சொற்பமாகையால் உலோகங்காட்டும் கருவிக்கும் எளிதில் புலப்படா. வேறு சில, கம்பி தடுக்கியவுடன் மண்ணினின்று துள்ளி எழுந்து இடுப்பளவு உயரத்தில் வெடித்து நாற்புறமும் இரும்புச் சிதறல்களை வீசுபவை. போஸ்னியாவில் மட்டும் யுத்தம் முடிந்த பின்னர் இவற்றால் மாண்டவர் 600 பேருக்கு மேற்பட்டவராவர். ஆடுமாடு மேய்க்கவும், விறகு வெட்டவும், உழவும் சென்றவர்கள் அவர்களுள் அநேகர்.

வெடி எத்தனை என்பதைவிட, அது எங்கே உள்ளது என்று தெரியாமையே குடியானவனுக்குப் பெரிய நஷ்டமாயிற்று. ஒரு மூலையில் ஒரு பசு வெடியில் சிக்கினால், சுற்றியுள்ள நூறு ஏக்கரும் அச்சத்தால் தரிசாகிவிடும். குரோவேஷியாவில் முதலில் சந்தேகத்திற்குரியதென ஒதுக்கிய பரப்பு சுமார் 13,000 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 32 லட்சம் ஏக்கர். சில வருஷங்கள் தொடர்ந்து விசாரணையும் அளவையும் நடத்தியபின் அது சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. விடுபட்ட நிலத்தின் பெரும்பகுதி மண்ணைத் தோண்டி மீட்கப்பட்டதன்று, விசாரித்து மீட்கப்பட்டது.

இவ்விசாரணையில் கிராமத்தாரின் வாய்மொழியே முதற் சாதனம். எந்தப் பாதையில் சேனை நின்றது, எந்த வயலில் விபத்து நேர்ந்தது, யுத்தத்திற்குப் பின் எந்தப் பாத்தியில் எவர் அஞ்சாமல் பயிரிட்டு வருகிறார் என்பனவற்றை வீடுவீடாகக் கேட்டுப் படத்தில் குறிக்கின்றனர். மூன்று வருஷம் தொடர்ந்து உழுத வயலைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருப்பது வீண். பயிரேறாத ஒரு சிறு திடலைப் பட்டியலில் விட்டுவிடுவதோ உயிருக்கே அபாயம். ஆகையால் கிராமத்துக் கணக்கு ஒழுங்காயிருந்த ஊர்களில் வேலை விரைந்தது. சேனைகள் எழுதிவைத்த பதிவேடுகளும் உதவின. ஆயினும் அவை எல்லா இடங்களுக்கும் இல்லை, இருந்தவற்றிலும் பிழை மலிந்திருந்தது.

இங்கேதான் அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு இன்றியமையாததாகின்றது. மேலூரார் தம் பங்கு வாய்க்காலைத் தூர்வாராவிட்டால் கீழூரார் எத்துணை வாரினும் நீர் வராதென்பதைப் பாசனக்காரர் யாவரும் அறிவர். எல்லைக் கண்ணிவெடியும் அத்தகையதே. ஒரு சேனை பதித்த வெடியின் பதிவேடு மற்றொரு நாட்டின் அலுவலகத்தில் கிடக்கக் கூடும். ஒரு கரையைச் சுத்தம் செய்துவிட்டு மறுகரையை விட்டுவைத்தால் வெள்ளம் வந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

இதனை உணர்ந்து முதலில் முயன்றது ஸ்லோவேனியா. தன் நிலம் பெரும்பாலும் பாதிக்கப்படாதிருந்தும், போஸ்னியாவுக்கு உதவும் பொருட்டு 1998-ஆம் வருஷத்தில் அந்நாடு ஒரு சர்வதேச நிதியை ஏற்படுத்திற்று. பிறர் தரும் ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக ஒரு டாலர் தருவதென அமெரிக்கா 2 கோடியே 80 லட்சம் டாலர் வரை ஒதுக்கியது. ஆகவே சிறிய நாடு கொடுத்த சிறு தொகையும் இரட்டித்தது. பிறகு அந்நிதி குரோவேஷியா, அல்பேனியா முதலியவற்றுக்கும் விரிவடைந்தது. கை கால் இழந்தோர் லியூப்லியானா நகரிலுள்ள புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கை உறுப்புகள் பெற்றனர்.

2000-ஆம் வருஷத்தில் அப்பிரதேசத்து அலுவலகங்கள் கூடி ஒரு கூட்டுச் சபையை அமைத்தன. சில வருஷங்களுக்கு முன் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட நாடுகளின் உத்தியோகஸ்தர்கள் ஒரே மேஜையில் வரைபடங்களை விரித்து உட்கார்ந்தனர் என்பது சாமானியமான விஷயமன்று. பயிற்சி, மோப்ப நாய்களைப் பழக்குதல், வேலையின் தரம் ஆகியவற்றில் பொது முறைகள் வகுக்கப்பட்டன. போஸ்னியாவிலுள்ள கோன்யிட்ஸ் நகரில் நாய்களுக்கான பயிற்சி நிலையம் அமைந்தது. கொசோவோவை ஒட்டிய தன் வடகிழக்கு எல்லையில் 1999-இல் வெடிகள் பதிக்கப்பெற்ற அல்பேனியா, 2009-ஆம் வருஷத்தில் வேலையை முடித்தது.

சுத்தம் செய்யும் முறையும் அறியத்தக்கது. சந்தேக நிலத்தை ஒரு மீட்டர் அகலமுள்ள பாதைகளாகப் பிரித்து, கருவியால் தடவி, ஒலி எழுந்த இடத்தில் மெல்லிய கோலைச் சாய்வாகச் செலுத்திப் பார்ப்பர். செங்குத்தாகக் குத்துவது வெடியின் தலையைக் குத்துவதாகும். சமவெளிகளில் சங்கிலிகள் சுழன்று மண்ணை அடிக்கும் யந்திரங்களைத் தூரத்திலிருந்தே இயக்குவதுண்டு. குரோவேஷியாவிலேயே இவை செய்யப்படுகின்றன. யந்திரம் சென்ற பின்னும் மனிதனோ நாயோ சோதித்தாலன்றி நிலம் ஒப்படைக்கப்படாது. ஸாக்ரெப் சர்வகலாசாலையின் விவசாயப் பகுதியினர் தேனீக்களையும் சோதித்துப் பார்த்தனர். வெடிமருந்தின் மணத்தோடு சர்க்கரைப் பாகை வைத்துப் பழக்கினால், தேனீக்கள் அம்மணம் உள்ள இடத்தின் மேல் கூடுகின்றன. எனினும் அது இன்னும் ஆராய்ச்சி அளவிலேயே நிற்கின்றது.

2014-ஆம் வருஷம் மே மாதத்தில் இக்கூட்டுறவுக்கு ஒரு கடுஞ்சோதனை வந்தது. அளவுப் பதிவுகள் தொடங்கிய 120 வருஷங்களில் காணாத மழை பெய்து சாவாவும் அதன் உபநதிகளும் கரை புரண்டன. குரோவேஷியக் கரை உடைந்து குன்யா முதலிய கிராமங்கள் முழுகின. எதிர்க்கரையில் போஸ்னியாவின் பிர்ச்கோ வட்டாரமும் நீரில் மூழ்கிற்று. மலைப்பாங்கான இடங்களில் ஆயிரக்கணக்கில் நிலச்சரிவுகள் உண்டாயின. அபாய அறிவிப்புப் பலகைகள் அடித்துச் செல்லப்பட்டன. வெடிகளும் இடம் பெயர்ந்தன. முன்பே சுத்தம் செய்து ஒப்படைத்த வயல்களும் மறுபடி சந்தேகத்திற்குள்ளாயின. வண்டல் அகற்ற வந்தவர்களுக்குத் தெருத்தெருவாக எச்சரிக்கை தரப்பட்டது. ஆளில்லாச் சிறு விமானங்களால் மேலிருந்து படம் எடுத்து, பழைய வெடிப்பதிவுகளோடு ஒப்பிட்டு, மண் எத்திசையில் சரிந்ததெனக் கணித்தனர்.

நிலம் திரும்பப் பெறுவோர் சான்றிதழில் கவனிக்க வேண்டியது ஆழம். சோதனை ஒரு குறிப்பிட்ட ஆழம் வரையே நடக்கும். மேலுழவு செய்யவோ விதைக்கவோ அது போதும். மரக்கன்றுக்குக் குழி வெட்டவும், கிணறு தோண்டவும், ஆழ உழும் யந்திரக் கலப்பையை இறக்கவும் போதாதிருக்கலாம். இதனை அறியாமல் முழு நிலமும் எத்தனை அடிக்கும் பத்திரமென்று கொள்வது பிழை.

1999-இல் அமலுக்கு வந்த ஒட்டாவா உடன்படிக்கைப்படி போஸ்னியா பத்து வருஷத்தில் வேலையை முடித்திருக்க வேண்டும். அந்தத் தவணை பலமுறை நீட்டிக்கப்பட்டு 2027-ஆம் வருஷம் வரை தரப்பட்டது. வயல்கள் முதலில் விடுவிக்கப்பட்டமையால், மிச்சமிருக்கும் பரப்பில் பெரும்பங்கு காடும் மேட்டு நிலமுமாகும். அங்கே விறகுக்கும் காளானுக்கும் செல்லும் ஏழைகள் இன்றும் பலகையைப் பார்த்தே கால் வைக்கின்றனர்.