கொள்முதல் யார் கையில்?

கோவைக்காரர்களுக்கு ஸ்ரீ கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்றால் நம்ம ஊர்க் கடை. கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் 29 கடைகள் நடத்திவந்த அந்த நிறுவனத்தை 2020இல் ரிலையன்ஸ் ரீடெய்ல் 152.5 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 1905இல் முத்துசாமி முதலியார் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய நீல்கிரிஸ், ஈரோட்டில் பால்பண்ணை, பெங்களூரு பிரிகேட் சாலையில் கடை என்று வளர்ந்து, 2014இல் ஃபியூச்சர் குழுமத்தின் கைக்குப் போயிருந்தது. முதலாளி மாறிவிட்டார், இனி வெளியூர்க் கடைதான் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. ஒரு கடை எந்த ஊருடையது என்பதை அறிய, முதலாளியின் விலாசத்தைவிட, சரக்கெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாட்டுச் சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்தான் சர்க்கரை வாங்குகிறார்கள். அங்கே விவசாயிகள் கொண்டுவரும் மூட்டைகள் நிறத்திலும் ஈரப்பதத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பக்கத்து ஊர்க் கடைக்குச் சரக்கெடுப்பவர் ஒரு கை அள்ளிப் பார்த்து, விலை பேசி, அன்றைக்கே லோடு ஏற்றிவிடலாம். நூற்றுக்கணக்கான கிளைகளுக்குச் சேர்த்துக் கொள்முதல் செய்யும் தலைமை அலுவலகத்துக்கு இது தோதுப்படாது. ஆண்டு முழுக்க ஒரே தரம், ஒரே அளவுப் பாக்கெட், பார்கோடு எல்லாம் கேட்கும்; பணத்துக்கும் பொறுத்திருக்கச் சொல்லும். பெரிய பாக்கெட் வியாபாரி இதற்கு ஈடுகொடுப்பார். சொந்தமாகக் கரும்பாட்டிக் காய்ச்சுகிறவரால் முடியாது.

தெருமுனை மளிகைக் கடையிலும் யுனிலீவர் சோப்புதானே விற்கிறது என்று கேட்கலாம். உண்மைதான், முதலாளி உள்ளூர்க்காரர் என்பது மட்டும் போதாது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. மொத்தக் கொள்முதலால் விலை குறைகிறதே என்பது இன்னும் கனமான மறுப்பு. வெளி மாநிலத்திலிருந்து வரும் துவரம்பருப்புக்கும் சோப்புக்கும் அது பொருந்தும். ஈரோட்டு மஞ்சளையும் பொள்ளாச்சித் தேங்காயையும் தொலைவிலுள்ள கிடங்குக்கு அனுப்பி, திரும்பக் கோவைக்கே கொண்டுவந்தால் லாரி வாடகைதான் ஏறும். கிளைகள் பெருகியதால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை எந்த ஊர்க் கிளையிலும் கிடைக்கும். இந்த மண்ணின் விளைச்சலோடு கடையைப் பிணைக்க அது போதாது.

சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு 2012இல் மத்திய அரசு கதவைத் திறந்தபோது, 30 சதவீதக் கொள்முதல் இந்தியச் சிறு தொழில்களிடமிருந்து வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கொள்முதலை அளவுகோலாக எடுத்தது சரி. ஆனால் அந்த எல்லை நாட்டோடு நின்றுவிட்டது. கவுந்தப்பாடிக்கு அதனால் எந்த உத்தரவாதமும் இல்லை. கிளை மேலாளர் தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு பங்குச் சரக்கையாவது சுற்றுவட்டாரத்தில் எடுக்க முடிகிறதா என்பதே சரியான கேள்வி. முடிகிறதென்றால், முதலாளி மும்பையில் இருந்தாலும் அது கோவைக் கடைதான்.