வௌவால் எச்சத்தில் ஒரு பனியுகம்

மலையும் காலமும் – 9

சென்ற வாரம் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில், கோத்தா தம்பானின் வெள்ளைச் சாம்பலோடு நிறுத்தியிருந்தோம். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் வெடித்த தோபா எரிமலையின் சாம்பல் அது. ஜார்ஜ்டவுனிலிருந்து தோபா ஏரி சுமார் 350 கிலோமீட்டர் தொலைவுதான். அந்தச் சாம்பல் சில இடங்களில் மீட்டர் கணக்கில் தடித்துக் கிடக்கிறது. அத்தனையும் வானத்திலிருந்து ஒரே மூச்சில் கொட்டியது என்று எண்ணிவிடக் கூடாது. மலைச்சரிவுகளில் விழுந்ததை மழை அடித்துக் கொண்டுவர, ஆறு பள்ளத்தில் சேர்த்து வைத்த குவியல் அது. 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதை விளக்கமாகவே காட்டியது. சாம்பல் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும். அதற்கு முன்னும் பின்னும் இந்த மலைநாட்டில் எவ்வளவு மழை பெய்தது, என்ன வளர்ந்தது என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. அதற்கு வேறு சாட்சிகள் வேண்டும்.

கேள்வியைப் பினாங்கிலிருந்தே தொடங்கலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நிலத்தின் மேல் பனிப்பாளங்களாக உறைந்துபோன தண்ணீர், கடலிலிருந்து போன தண்ணீர்தானே! மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி தரையாகக் கிடந்தது. பினாங்கு தீவாக இல்லை. கொடிமலை, பரந்த சமவெளியில் எழுந்து நின்ற ஒரு மலை. ஃபெரி ஓடும் தடத்தில் பட்டர்வொர்த்துக்கு நடந்தே போயிருக்கலாம். நடந்தவர்களின் காலில் என்ன பட்டிருக்கும், அடர்ந்த மழைக்காட்டின் ஈரச் சருகா, இடுப்பளவு புல்லா?

இதற்குப் பதில் தந்த இடம் நம் எல்லோருக்கும் தெரிந்த பத்துமலை. தைப்பூசத்தன்று காவடியோடு 272 படி ஏறுகிறவர்கள், வழியில் பிரியும் இருட்டுக் குகையின் வாசலைக் கவனித்திருக்கலாம். இந்தச் சுண்ணாம்புக் குன்றின் குகைகளில் காலங்காலமாக வௌவால்கள் தங்கி வந்திருக்கின்றன. இரவில் வெளியே போய்ப் பூச்சி தின்று, பகலில் திரும்பி, கூரையில் தொங்கியபடி எச்சமிடும். அது தரையில் அடுக்கடுக்காகச் சேரும். மழையும் வெயிலும் படாத இடமென்றால் பல்லாயிரம் ஆண்டுகளுக்குக் கலையாமல் கிடக்கும். மேலே இருப்பது புதிது, கீழே போகப் போகப் பழையது. உற்றுப் பார்த்தால் பூச்சிகளின் இறக்கைத் துணுக்கும் ஓட்டுத் துணுக்கும் பளபளக்கும்.

ஆய்வாளர்களுக்கு வேண்டியது அந்தத் துணுக்குகளில் உள்ள கார்பன். கார்பனில் கனம் குறைந்த கார்பன்-12 உண்டு, சற்றே கனமான கார்பன்-13 உண்டு. மரங்களும் நெல்லும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது கனமானதைக் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்கும். வெப்பநாட்டுப் புற்களில் பல அவ்வளவாக ஒதுக்குவதில்லை. நம் தோட்டங்களில் லாலாங் என்று சொல்லும் புல், சோளம், செபராங் பிறையில் நம் பாட்டன்மார் வெட்டிய கரும்பு எல்லாம் இந்தச் சாதி. இலையைத் தின்ற பூச்சியின் உடம்பில் இலையின் விகிதமே ஏறும். பூச்சியைத் தின்ற வௌவாலின் எச்சத்திலும் அதுவே இறங்கும். ஆகவே எச்சத்தின் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே வெட்டியெடுத்து, அதன் கார்பன் விகிதத்தை அளந்தால், அந்தக் காலத்தில் குகையைச் சுற்றி மரம் மிகுந்திருந்ததா, புல் மிகுந்திருந்ததா என்று சொல்லிவிடலாம். அடுக்கின் வயதைக் கதிரியக்கக் கார்பன் சொல்லும்.

பத்துமலை, பிலிப்பீன்சின் பலவான் தீவு, வட போர்னியோ ஆகிய இடங்களின் குகை எச்சங்களை இப்படி அளந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. பனியுகத்தில் வட போர்னியோவில் மழைக்காடு நிலைத்திருந்தது. ஆனால் மலாயாத் தீபகற்பத்திலும் பலவானிலும் காடு வெகுவாகச் சுருங்கிப் புல்வெளி பரவியிருந்தது. உலகின் மிகப் பழைய காடுகள் என்று நாம் பெருமையோடு சொல்லும் காடுகள் எல்லா இடத்திலும் அசையாமல் நின்றவை அல்ல. பல இடங்களில் பின்வாங்கி, பிறகு திரும்பி வந்தவை. இந்த ஒரு செய்திக்காகவே அந்த எச்சக் குவியலை நான் பொக்கிஷம் என்பேன்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். புல் பெருகியது என்றாலே மழை குறைந்தது என்று முடிவு கட்ட முடியாது. பனியுகத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 190 பங்கு அளவில்தான் இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. வாயு குறைந்தால், அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தெரிந்த புற்களுக்கு மரங்களைவிட அனுகூலம் அதிகம். வறட்சி எவ்வளவு, வாயுக் குறைவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு குகை போதாது. பல இடத்துச் சாட்சிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும்.

நீலகிரி அப்படியொரு சாட்சி. 2,000 மீட்டருக்கு மேலே, ஊட்டிப் பக்கத்துச் சதுப்புகளில், அழுகியும் அழுகாமலும் தாவரங்கள் படிந்து உறைந்த கரிமண்ணில் இதே கார்பன் கணக்கை சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் போட்டார்கள். 1993இல் 'நேச்சர்' இதழில் அது வந்தது. பனியுக உச்சத்தில் புல் மிகுதி, வறட்சி என்று கண்டார்கள். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் நல்ல மழை. பின்னர் மறுபடி ஒரு வறண்ட காலம். வங்காள விரிகுடாவின் இரு கரை மலைகளும் அந்தப் பனியுகத்தைப் புல்லாலேயே குறித்து வைத்திருக்கின்றன.

பிறகு பனி உருகியது, கடல் ஏறியது, பினாங்கு தீவானது. ஏறிய கடல் இன்றைய கரையோடும் நிற்கவில்லை. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தைவிடச் சில மீட்டர் உயர்ந்து, கெடாவின் ஜெராய் மலையடிவாரம்வரை தண்ணீர் நின்றது. கடல் பின்வாங்க, ஆறுகள் வண்டல் கொட்ட, சமவெளி மெல்ல உருவானது. பிற்காலத்தில் கடாரத்துக்குக் கப்பலேறி வந்த தமிழர் பார்த்த கரையோரம் இன்றைய வரைபடத்தில் இருப்பதல்ல.

கடல் உள்ளே ஏறியதற்கான தடயம் செபராங் பிறையின் குவார் கெப்பாவில் இருக்கிறது. மூடா ஆற்றுக்குப் பக்கத்தில், இன்றைய கடலோரத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, ஆதிமனிதர் தின்றுபோட்ட சிப்பி ஓடுகளின் மேடுகள். கழிமுகச் சேற்றிலும் மணலிலும் வாழும் சிப்பி அங்கே மலைபோல் குவிய வேண்டுமானால், கடல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். 2017இல் அங்கே கிடைத்த எலும்புக்கூட்டை, 'பினாங்குப் பெண்' என்று இன்று அழைக்கப்படுவதை, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தோண்டியெடுத்தனர். வயது சுமார் 5,700 ஆண்டு.

ஆனால் மேடுகளில் பெரும்பகுதி இன்று இல்லை. 1860 வாக்கில் ஆங்கிலேயர் ஜார்ஜ் வின்ட்சர் எர்ல் அவற்றைப் பார்த்தபோதே சுண்ணாம்புச் சூளைக்காக ஓடுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 1934இல் டச்சு ஆய்வாளர் வான் ஸ்டைன் காலென்ஃபெல்ஸ் தோண்டிய எலும்புகள் நெதர்லாந்தின் லைடனுக்குப் போயின. பத்துமலை எச்சத்தைக் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக அள்ளியதும் அதே 1860களில்தான். அன்று அள்ளியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. இன்று தெரியும். தெரிந்த பிறகும் ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகள் சிமென்டுக்காகவும் பளிங்குக்காகவும் உடைபடுகின்றன. உடைந்த குகையோடு அதன் அடுக்குகளும் போய்விடும். இதை வளர்ச்சி என்று ஏற்க என்னால் முடியவில்லை.

கெடா, பேராக், செபராங் பிறை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போதோ, வயலில் வாய்க்கால் வெட்டும்போதோ, திட்டாக வெள்ளைச் சாம்பலோ அடுக்கடுக்காகச் சிப்பி ஓடுகளோ தென்பட்டால் வேலையைச் சற்று நிறுத்தி, தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, மாவட்ட அலுவலகத்துக்கோ பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியல் ஆய்வு மையத்துக்கோ தெரிவியுங்கள். பழம்பொருள் என்று கருத இடமிருக்கும் எதுவும் கிடைத்தால் தெரிவிக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும்கூட.

(தொடரும்)