குமிழிக்குள் என்ன இருக்கிறது?

பல்கலைக்கழகங்கள் இணையவழிப் பாடத்துக்குப் பரவலாகப் பயன்படுத்தும் மென்பொருள் மூடுல். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டுகியாமாஸ் உருவாக்கியது; முதல் முழுப் பதிப்பு 2002இல் வந்தது. சிறுவயதில் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் இருந்தபடி வானொலி வழியாகப் பாடம் படித்தவர் அவர். அறிவை யாரும் ஊட்டிவிட முடியாது. மாணவர் தனக்கு முன்பே தெரிந்ததோடு புதியதை மோதவிட்டு, மற்றவர்களோடு பேசித் தானே கட்டிக்கொள்கிறார். இந்தக் கட்டுமானவாதக் கொள்கையை மனத்தில் வைத்துத்தான் மூடுலை வடிவமைத்தார்.

இன்று பல பாடப் பக்கங்களில் இருப்பதோ பிடிஎஃப் கோப்புகளும், அசைன்மென்ட் தர வேண்டிய கடைசித் தேதியும். பழைய நோட்ஸ் ஜெராக்ஸ் கடையிலிருந்து சர்வருக்குக் குடிமாறியிருக்கிறது.

ஆசிரியர்களுக்குக் கணினி வராது என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது பாதிக் காரணமாகவே படுகிறது. மீதிப் பாதியை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம்.

மூடுலில் கேள்வி-பதில் வகைக் கலந்துரையாடல் ஒன்று உண்டு. தன் பதிலைப் பதியாத மாணவருக்கு மற்றவர்களின் பதில் தெரியாது. பதிந்த பிறகும், திருத்துவதற்கான நேரம் (வழக்கமாக அரை மணி) கடந்தால்தான் திறக்கும். வேதியியல் ஆசிரியர் அதில் இப்படிக் கேட்கலாம்: கொதிக்கும் நீரில் எழும் குமிழிகளுக்குள் இருப்பது என்ன? சிலர் காற்று என்பார்கள், சிலர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார்கள். நீராவி என்று எழுதியவரிடம் மற்றவர்கள் சண்டைக்குப் போவார்கள். அந்தச் சண்டைதான் பாடம். ஆசிரியர் அவசரப்பட்டு விடையைப் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது.

இப்படிப் பாடம் நடத்த ஆசிரியருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? விடை நீராவி என்பது பாட அறிவு. மாணவர் எங்கே சறுக்குவார் என்பது கற்பிக்கும் அறிவு. பதில்களை மறைக்கும் வசதி எது என்பது தொழில்நுட்ப அறிவு. மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும் என்று புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் எழுதினார்கள். ‘டிபேக்’ என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். பயிற்சி முகாமில் மூன்றாவதை மட்டும் தனியாகக் கற்றுக்கொண்டால், கோப்பு ஏற்றத்தான் வரும்.

மதிப்பெண் இல்லாவிட்டால் எழுதுவார்களா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் மாட்டார்கள். சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் கூகுளைப் பார்த்து எழுதுவார்கள். முதலில் சொன்னதை ஏன் மாற்றிக்கொண்டேன் என்ற விளக்கத்துக்கு மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள். வகுப்பு பெரிதானால் எட்டுப் பத்துப் பேராகப் பிரித்துவிடுங்கள். அதற்கும் மூடுலில் வழி இருக்கிறது.